ராத்தங்கல் தூண்டில்: கரையிலேயே முடிக்கவேண்டிய வேலை

பகலில் போய்ப் பகலிலேயே திரும்பும் தூண்டில் பயணத்தில் எதை மறந்தாலும் சமாளித்துவிடலாம். பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கலாம், வெளிச்சத்தில் துழாவித் தேடலாம், இல்லையென்றால் இன்றைக்கு இவ்வளவுதான் என்று விட்டுவிடலாம். இரவு முழுக்கக் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் ராத்தங்கலில் அது நடக்காது. பதினெட்டு, இருபது மணி நேரம் ஆடிக்கொண்டே இருக்கும் தளம், அதில் பாதி நேரம் இருட்டு, கையெல்லாம் உப்பும் இரைச் சாறும், கண்ணில் தூக்கம். எந்தச் சாமானை எடுத்துவைக்கும்போதும், எந்த வேலையைப் படகில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும்போதும் ஒரே கேள்வி போதும்: இரவு இரண்டு மணிக்கு, ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இதைச் செய்யமுடியுமா? முடியாதென்றால் அது வீட்டு மேசையில் முடியவேண்டிய வேலை.

இந்தக் கேள்வியில் முதலில் சிக்குவது லைன், அதாவது தூண்டில் நூல்.

ஆழத்தில் ஜிக் (கனமான உலோகப் பொய்மீன்) போடுவதானாலும் இரை வைத்து இறக்குவதானாலும் இப்போது பெரும்பாலும் மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு லைன்தான். காரணம் தடிமன். 50 பவுண்டு இழுவை தாங்கும் தங்கூசி (ஒற்றை நைலான் இழை) அதே பலமுள்ள பிரெய்டைவிட ரொம்பத் தடிமன். நூறு மீட்டர் ஆழத்தில் நீரோட்டம் அதைப் பிடித்து வில்லாக வளைத்து, ஈயத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். நடுத்தர மீனுக்கு 50 பவுண்டு பிரெய்டு சரியாக இருக்கும். பெரிய சூரை, களவா எதிர்பார்க்கிற இடமென்றால் 80 பவுண்டுக்குப் போகலாம். ரீலில் குறைந்தது 300 மீட்டர் இருக்கவேண்டும். 120 மீட்டர் ஆழத்தில் ஒருமுறை பாரில் (கடலடிப் பாறையில்) உரசி நடுவில் அறுந்தால் அறுபது எழுபது மீட்டர் போய்விடும். இரண்டாவது முறையும் அறுந்தால் மீன் ஓடுவதற்கு லைன் அதிகம் மிஞ்சாது, அந்த ரீல் அன்றைக்கு ஓய்வு.

பிரெய்டை ஸ்பூலில் (ரீலில் லைன் சுற்றும் உருளையில்) நேராகக் கட்டக்கூடாது. அதன் மேற்பரப்பு வழுவழுப்பு. இழுவை வந்தால் மொத்தச் சுருளும் ஒரே கட்டாக ஸ்பூலின்மேல் வழுக்கிச் சுற்றும். பார்ப்பவருக்கு டிராக் (மீன் இழுக்கும்போது லைனை அளவாக நழுவவிடும் ரீலின் பிடி) போய்விட்டதுபோலத் தெரியும், டிராக்கை இறுக்குவார், ஒன்றும் ஆகாது. அடியில் ஐந்து முதல் பத்து மீட்டர் தங்கூசி சுற்றி, அதன்மேல் பிரெய்டைக் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை. சுற்றும்போது லைனை ஈரத்துணிக்குள் விட்டு, விரல் வலிக்கும் அளவுக்கு இழுத்துப் பிடித்தபடி சுற்றவேண்டும். தளர்வாகச் சுற்றிய லைன், பெரிய மீன் இழுக்கும்போது கீழ் அடுக்குகளுக்குள் புதைந்துகொள்ளும். அடுத்த ஓட்டத்தில் அந்த இடம் வெளியே வராமல் மாட்டி, படீரென்று அறுந்துவிடும். லைன் தரமில்லை என்று பழிபோடுகிற பல சம்பவங்களின் உண்மைக் காரணம் இந்தத் தளர்ந்த சுற்றுதான்.

பழைய லைன் என்றால் கடைசி பத்துப் பதினைந்து மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் உருவிப் பார்க்கவேண்டும். பஞ்சுபோல் பிசிறு தட்டுப்பட்டால் யோசிக்காமல் வெட்டிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பிசிறு விரலுக்குத் தெரியும்.

அடுத்து லீடர், அதாவது பிரெய்டுக்கும் முள்ளுக்கும் நடுவில் வரும் துண்டு. 60 முதல் 100 பவுண்டு ஃபுளோரோகார்பன், மூன்று முதல் ஐந்து மீட்டர். பிரெய்டோடு சேர்க்க எஃப்ஜி முடிச்சைவிட மெலிசாகவும் பலமாகவும் ஒன்றைக் காண்பது கஷ்டம்; ராடின் (தூண்டில் கோலின்) வளையங்களில் தட்டாமல் போகும். ஆனால் ஆடுகிற படகில், காற்றில், தலைவிளக்கு வெளிச்சத்தில் அதைப் போடுவது சோதனை. இருபது சுற்றாவது மாறி மாறிப் போட்டு, எச்சில் அல்லது தண்ணீர் தொட்டு, கையுறை போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் முழு பலத்தோடு இழுக்கவேண்டும். சரியாக இறுகும்போது பிரெய்டின் நிறம் சற்றுக் கறுத்து, லீடருக்குள் பதிந்ததுபோல் ஆகும். நிறம் மாறாவிட்டால் அது இறுகவில்லை, வழுக்கும். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான்: முடிச்சு அழகாக இருக்கிறது என்று இறுக்காமலே அரைமுடிச்சுகளைப் போட்டு மூடிவிடுவார்கள். மீன் வந்ததும் முடிச்சு அறுவதில்லை, உருவிக்கொண்டு போகும். கைக்கு வரும் பிரெய்டின் நுனி சுருள்சுருளாக இருந்தால் நடந்தது அதுதான்.

இரவில் லீடர் போய்விட்டால் என்ன செய்வது? ஒரு நிமிடத்தில் போடக்கூடிய இன்னொரு முடிச்சைக் கை மறக்காமல் பழகியிருக்கவேண்டும். இரட்டை யூனி போதும். பலம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. அதைவிட நல்ல வழி, லீடர் கட்டித் தயாராக இருக்கிற இரண்டாவது ராட். மீன் கடிக்கிற நேரம் சில சமயம் இருபது நிமிடம்தான். அதில் பத்து நிமிடத்தை முடிச்சுக்குக் கொடுப்பது வயிற்றெரிச்சல்.

இரைத் தூண்டில் கட்டுகளையும் (முள், நூல், ஈயம் சேர்ந்தவை) முன்னாலேயே கட்டிவிட வேண்டும். ஒருவருக்குப் பத்து கட்டு என்பது அதிகமில்லை. வட்டமுள் (முனை உள்நோக்கி வளைந்த முள்) என்றால் முனை பக்கவாட்டில் திரும்பாததாகப் பார்த்து 8/0, 10/0 அளவுகளில் எடுக்கலாம். ஈயத்தை முதன்மை லைனைவிடப் பலம் குறைந்த 20 பவுண்டு தங்கூசித் துண்டில் கட்டினால், பாரில் மாட்டும்போது ஈயம் மட்டும் போகும், முள்ளும் மீனும் மேலே வரும். கட்டுகளைத் தனித்தனி ஜிப் பைகளில் போட்டு, பையின் மூலையைக் கத்தரியால் வெட்டி அடையாளம் வைப்பது உபயோகமான பழக்கம்: ஒரு வெட்டு என்றால் 8/0, இரண்டு வெட்டு என்றால் 10/0, வெட்டு இல்லாவிட்டால் கம்பி லீடர். பேனாவால் எழுதியது உப்புத்தண்ணீரில் அழிந்துவிடும், இருட்டில் படிக்கவும் முடியாது. வெட்டை விரல் படிக்கும். கம்பி லீடர் வஞ்சரம், சீலா போன்ற பல்காரர்களுக்கு. முப்பது சென்டிமீட்டர் போதும். மற்ற மீனுக்குக் கம்பி போட்டால் கடி குறையும்.

வட்டமுள்ளுக்கு ஒரு விதி இருக்கிறது, பழைய கைப்பழக்கத்துக்கு நேர் எதிர்: கடித்ததும் சுண்டி இழுக்கக்கூடாது. மீன் இரையை எடுத்துக்கொண்டு நகரும், ராட் தானாக வளையும், அப்போது சீராகச் சுற்றினால் முள் வாயின் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். சுண்டினால் வாயிலிருந்து உருவி வந்துவிடும். தூக்கத்தில் இருப்பவர் கடி வந்ததும் துள்ளி எழுந்து சுண்டுவார், பத்துக்கு எட்டு மீன் போகும். இரவில் ராடைத் தாங்கியில் வைத்து, தாங்கியே வேலை செய்யட்டும் என்று விடுவது நல்லது.

ஜிக் எடை, ஆழத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் இரண்டு கிராம் என்று தொடங்கி நீரோட்டத்துக்கேற்ப ஏற்றி இறக்கலாம். 80 மீட்டருக்கு 160 கிராம், ஓட்டம் பலமாக இருந்தால் 250. லைன் படகுக்குக் கீழே செங்குத்தாக இறங்கவேண்டும். 45 டிகிரிக்குமேல் சாய்ந்தால் எடை போதவில்லை, அல்லது படகு வேகமாக அடித்துக்கொண்டு போகிறது.

டிராக்கை அளப்பது

கையால் இழுத்துப் பார்த்து "சரியா இருக்கு" என்பது அளவே இல்லை. ஒரு வில் தராசு வேண்டும். லைனை ராடின் எல்லா வளையங்கள் வழியாகவும் விட்டு, நுனியைத் தராசில் கட்டி, ராடை 45 டிகிரியில் பிடித்துக்கொண்டு இன்னொருவரை இழுக்கச் சொல்லவேண்டும். லைன் நழுவத் தொடங்கும் எடை, அந்தத் தொடரில் மிகப் பலவீனமான பகுதியின் அறுபடு எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கலாம். 50 பவுண்டு என்பது ஏறக்குறைய 22.7 கிலோ, அப்படியானால் டிராக் ஐந்தரை கிலோ முதல் ஏழரை கிலோவுக்குள். ஏழரை கிலோ என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். ராடைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் அந்த இழுவையோடு நின்று பார்த்தால், இடுப்புக்கு ஏன் தாங்குபட்டை வேண்டும் என்று புரியும்.

நெம்பு டிராக் உள்ள ரீலில் நெம்பின் ‘ஸ்ட்ரைக்’ என்று குறித்த நிலையில் இந்த அளவை வைத்துவிட்டால் இருட்டிலும் கை அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும். நட்சத்திரத் திருகு ரீல் என்றால் முழுத் தளர்வில் தொடங்கி எத்தனை சுற்று என்று எண்ணி மனதில் வைக்கவேண்டும். இன்னொன்றையும் மறக்கக்கூடாது: மீன் ஓடி ஸ்பூல் மெலிந்தால், அதே திருகில் இழுவை கூடிவிடும். சுருளின் விட்டம் பாதியானால் லைன்மேல் வரும் இழுவை இரட்டிப்பு. பாதி லைன் போனதும் பதறி டிராக்கை இறுக்குகிறவர், ஏற்கெனவே ஏறியிருக்கும் இழுவையின்மேல் இன்னும் ஏற்றுகிறார். அந்த நேரத்தில் செய்யவேண்டியது கொஞ்சம் தளர்த்துவது.

அளக்கும்போது லைன் சீராக வராமல் விட்டுவிட்டு நடுங்கி வந்தால், உள்ளே வாஷர்கள் காய்ந்திருக்கின்றன அல்லது உப்புப் பிடித்திருக்கிறது. அதைக் கடலில் சரிசெய்ய முடியாது. அதனால் கிளம்ப மூன்று நாள் முன்பே அளந்துவிட வேண்டும்.

போகலாமா, வேண்டாமா

வானிலை அறிக்கையில் அலை உயரம் 1.5 மீட்டர் என்றால், அது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. இரவு முழுவதும் கடலில் இருக்கும்போது அதைப்போல இரு மடங்கை நெருங்கும் ஒற்றை அலை எப்போதாவது வந்தே தீரும். உயரத்தைவிட இரண்டு அலைகளுக்கு நடுவிலுள்ள நொடிகளைப் பார்ப்பது முக்கியம். ஒன்றரை மீட்டர் அலை பத்து நொடிக்கு ஒருமுறை வந்தால் தொட்டில். அதே அலை ஐந்து நொடிக்கு ஒருமுறை வந்தால் ராத்திரி முழுக்க உதை. காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் எதிர்ப்பக்கமும் இருந்தால் அலை குட்டையாகி, நிமிர்ந்து, முகடு உடையும். அறிக்கையில் உள்ள எண் அதைச் சொல்லாது. இரண்டு நாள் முன்பு, ஒரு நாள் முன்பு, கிளம்பும் காலை என மூன்று முறை பார்க்கவேண்டும். மூன்று முறையும் எண் ஏறிக்கொண்டே போனால் தள்ளிப்போடுவதுதான் சரி. விடுப்பு எடுத்தாச்சு, எல்லாரும் வந்தாச்சு என்பதெல்லாம் கடலுக்குத் தெரியாது.

எரிபொருள் கணக்கு மூன்று பங்கு: போக ஒன்று, வர ஒன்று, கையிருப்பாக ஒன்று. இரவில் விளக்கு, இரைத் தொட்டி பம்ப், மின்சார ரீல் எல்லாம் பேட்டரியில் ஓடினால், இஞ்சினைக் கிளப்பும் பேட்டரி தனியாக இருக்கவேண்டும். ஒரே பேட்டரியில் விளக்கைப் போட்டு மீன் பிடித்துவிட்டு, விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வரும்.

நிலா விஷயத்தில் ஆளுக்கொரு சாஸ்திரம் சொல்வார்கள். விளக்கு வைத்துக் கணவாயும் சிறுமீனும் சேர்ப்பதாக இருந்தால் அமாவாசையை ஒட்டிய இரவுகள் சாதகம். நிலவொளி இருந்தால் விளக்குக்கு மவுசு குறைவு. ஆழத்துச் சிறு உயிர்கள் பொழுது சாய்ந்ததும் மேலே ஏறி, விடியுமுன் இறங்கும். அவற்றின் பின்னாலேயே கணவாய், அதன் பின்னால் பெரிய மீன். ஆகவே பொழுது மறையும் ஒரு மணி நேரத்தையும் விடிவதற்கு முந்திய ஒரு மணி நேரத்தையும் தூக்கத்துக்குக் கொடுக்காமல், நடுச்சாமத்தில் முறைபோட்டுத் தூங்குவது லாபம். விளக்கின் நட்டநடுவில் தூண்டில் போடுகிறவர்களுக்குச் சிறுமீன்தான் கிடைக்கும். பெரியவை வெளிச்சமும் இருட்டும் சேர்கிற விளிம்பில், நிழலுக்குள் நின்றுகொண்டு பாயும்.

வயிறும் தூக்கமும்

எவ்வளவு அனுபவம் இருந்தாலும் கடல் மயக்கம் வராது என்று யாரும் சத்தியம் செய்யமுடியாது. பகலில் அடிவானத்தைப் பார்த்துச் சமாளிப்பவர்கள்கூட இரவில் விழுவார்கள், ஏனென்றால் பார்க்க அடிவானமே இருக்காது. காது ஆடுகிறது என்கிறது, கண் ஆடவில்லை என்கிறது. அந்தச் சண்டைதான் குமட்டல். மாத்திரை குமட்டல் வருமுன் வேலை செய்யும், வந்தபின் வயிற்றில் தங்காது. மெக்லிசின் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு. டைமென்ஹைட்ரினேட்டும் கிளம்புமுன்பே, ஆனால் நான்கு முதல் ஆறு மணிக்கொருமுறை திரும்ப எடுக்கவேண்டியிருக்கும். காதின் பின்னால் ஒட்டும் ஸ்கோபாலமைன் பட்டை நான்கு மணி நேரம் முன்பே ஒட்டவேண்டும், மூன்று நாள் வரை தாங்கும். அதைத் தொட்ட கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கினால் கண்பாப்பா விரிந்து பார்வை மங்கும். கண் அழுத்த நோய் இருப்பவர்களுக்கு அது ஆகாது. எதுவானாலும் மருத்துவரிடம் கேட்டு, ஒரு விடுமுறை நாளில் கரையிலேயே ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட வேண்டும். சிலருக்கு இவை தரும் தூக்கம், கடல் மயக்கத்தைவிட மோசம்.

மயக்கம் வந்துவிட்டால் அறைக்குள் இறங்கிப் படுப்பது இயல்பு, அதுவே தப்பு. டீசல் வாடையும் மூடிய காற்றும் இன்னும் கெடுக்கும். படகின் நடுவில், தாழ்வான இடத்தில், காற்றுப் படும்படி கண்ணை மூடி மல்லாந்து படுக்கலாம். வாந்தி எடுப்பவர் காற்று போகிற பக்கமாக, மண்டியிட்டு, இன்னொருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது எடுக்கவேண்டும். பிறகு உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். தண்ணீர் ஆளுக்கு நான்கு லிட்டருக்குக் குறையாமல் ஏற்றவேண்டும். மதுவை ஏற்றவே வேண்டாம்.

உடை பற்றி ஒரு வரி: பருத்தி வேண்டாம். நனைந்த பருத்தி உலராது. வெப்பமான கடலிலும் விடியற்காலை மூன்று மணிக் காற்றில் அது உடம்பிலிருந்து சூட்டை உறிஞ்சிவிடும். சீக்கிரம் உலரும் செயற்கை இழை முழுக்கை, மேலே மழைக்கோட்டு, முழு மாற்று உடை ஒன்று தண்ணீர் புகாத பையில். காலுக்கு வழுக்காத, விரல் மூடிய செருப்பு. வெறுங்காலோடு நடப்பவர் இருட்டில் முள்ளைக் கண்டுபிடிப்பது பாதத்தால்தான்.

இருட்டில் படகு

தலைவிளக்கு இரண்டு வேண்டும். சிவப்பு வெளிச்சம் உள்ளதாக இருக்கட்டும். இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒரு வெள்ளை வெளிச்சம் முகத்தில் அடித்தால் அத்தனையும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. பேசும்போது எதிரில் இருப்பவர் கண்ணுக்குள் தலைவிளக்கைக் காட்டுவது ராத்தங்கலின் மிகப் பொதுவான அநாகரிகம்.

ஒருவர் எப்போதும் விழித்திருக்கவேண்டும். சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதி இதைத்தான் சொல்கிறது, மீன்பிடிப் பொழுதுபோக்குக்கு விலக்கு இல்லை. 20 நாட் வேகத்தில் வரும் சரக்குக் கப்பல் மூன்று நிமிடத்துக்கு ஒரு கடல்மைல் கடக்கும். ஆறு கடல்மைல் தள்ளித் தெரிகிற சின்ன வெளிச்சம் பதினெட்டு நிமிடத்தில் தலைக்குமேல் நிற்கும். அந்த வெளிச்சத்தைப் படகின் ஏதாவது ஒரு கம்பத்தோடு பொருத்திப் பார்க்கவேண்டும், படகின் முகம் திரும்பாமல் இருக்கிறதா என்று திசைகாட்டியையும் பார்த்துக்கொண்டு. கப்பல் நெருங்கி வந்தும் திசை மாறாமல் அங்கேயே நின்றால் அது நேராக வருகிறது.

விளக்கு விஷயத்தில் அனுபவசாலிகளும் தவறுவது ஒன்று உண்டு. இஞ்சினை நிறுத்திவிட்டுப் படகை மிதக்கவிட்டிருப்பது நங்கூரமிட்டதாகக் கணக்கில்லை. விதிப்படி அது ஓட்டத்தில் உள்ள படகுதான். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை, கம்பத்தில் முன்னோக்கி வெள்ளை என்று ஓட்ட விளக்குகளே எரியவேண்டும். சுற்றிலும் தெரியும் வெள்ளை நங்கூர விளக்கை மட்டும் போட்டால், வருகிற கப்பல் நம்மைத் தரையில் கட்டிய படகாக எடுத்துக்கொள்ளும். தூண்டிலை இழுத்துக்கொண்டு ஓட்டும் படகுக்கும் அந்த விதிகளில் மீன்பிடிப் படகு என்ற சலுகை கிடையாது. தளத்து வெள்ளை விளக்குகளைக் கடி இல்லாத நேரத்தில் அணைத்துவிட்டால், ஓட்ட விளக்கு மங்காமல் தெரியும், காவல் இருப்பவருக்கும் கடல் தெரியும்.

நங்கூரம் போடுவதானால் அணியத்திலிருந்து (படகின் முன்பக்கத்திலிருந்து) மட்டுமே. பின்பக்கத்தில் கட்டினால் அலை ஏறி வந்து படகை நிரப்பிவிடும். கயிறு, ஆழத்தைப்போல மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது, ஐந்து மடங்கு நல்லது. கயிற்றின் நுனியில் ஒரு மிதவையைக் கட்டி வைத்திருந்தால், பெரிய மீன் ஓடும்போது கயிற்றை அப்படியே கழற்றி விட்டுவிட்டு மீனின் பின்னால் போகலாம், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம்.

உயிர்காப்பு உடை ஊதும் வகை என்றால் மிதப்பு விசை 150 நியூட்டன். கிளம்புமுன் வாயு உருளையைக் கையால் திருகிப் பார்க்கவேண்டும், பயணத்தின் அதிர்வில் அது தளர்ந்துபோவது உண்டு. மழைக்கோட்டுக்கு மேலேதான் போடவேண்டும். உள்ளே போட்டிருந்தால் ஊதும்போது கோட்டு நெஞ்சை நெரிக்கும். ஊதலும் சின்ன விளக்கும் அதிலேயே கட்டியிருக்கட்டும். இரவில் படகின் ஓரத்தில் நின்று சிறுநீர் கழிப்பது தடை என்று கிளம்பும்போதே சொல்லிவிட வேண்டும். வாளி எதற்கு இருக்கிறது. யாரும் பார்க்காத நேரத்தில், இரண்டு கையும் வேலையாக இருக்க, ஓடுகிற படகிலிருந்து விழுந்தால், காணவில்லை என்று தெரியவே அரைமணி நேரம் ஆகும்.

கைபேசி சிக்னல் போனபிறகு மிஞ்சுவது விஎச்எஃப் ரேடியோ, அவசரத்துக்குச் சேனல் 16. கையடக்க 5 வாட் ரேடியோ தளத்திலிருந்து சில கடல்மைல்தான் எட்டும். அதற்கப்பால் போகிறவர்களுக்கு 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சொல்லும் அவசர ஒளிபரப்பி வேண்டும். அதைப் பதிவு செய்திருக்கவேண்டும், பேட்டரித் தேதியைப் பார்க்கவேண்டும். ஆபத்தை அறிவிக்கக் கொளுத்தும் சுடர்களின் தேதியையும் அப்படியே. கரையில் ஒருவரிடம் எங்கே போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்பவேண்டும், எந்த நேரம் தாண்டினால் யாரை அழைக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டே கிளம்பவேண்டும்.

முள் குத்தினால்: கையில் உள்ள வெட்டுக்குறடு உங்கள் 10/0 முள்ளை வெட்டுமா என்று வீட்டில் ஒரு முள்ளைப் பலிகொடுத்துப் பாருங்கள். பாதிக் குறடுகள் வெட்டாது. ஆழமில்லாத குத்துக்கு, முள்ளின் வளைவில் உறுதியான நூலைச் சுற்றி, முள்ளின் கண்ணைத் தோலோடு அழுத்திக்கொண்டு, தோலுக்கு இணையாக ஒரே சுண்டாக இழுத்தால் முள் வந்த வழியே வரும். கண், கழுத்து, மூட்டு என்றால் தொடாமல் கரைக்குத் திரும்பவேண்டும். டெட்டனஸ் ஊசி முன்னாலேயே போட்டிருக்கட்டும். லைன் மாட்டிக்கொண்டால் எந்தக் காரணத்துக்காகவும் கையில் சுற்றி இழுக்கக்கூடாது. பிரெய்டு எலும்பு வரை இறங்கும். மரக்கட்டையில் சுற்றி இழுக்கலாம்.

பனிக்கட்டியும் மீனும்

மீன் வந்தபின் தொடங்கும் வேலையைப் பலர் தயாரிப்பில் சேர்ப்பதே இல்லை. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ பனிக்கட்டி என்பது குறைந்தபட்சம். இரவு தாண்டி மறுநாள் வெயிலிலும் இருக்கவேண்டும் என்பதால் இரு மடங்கு எடுப்பது புத்திசாலித்தனம். பெட்டியை முதல் நாளே கொஞ்சம் பனிக்கட்டி போட்டுக் குளிர்வித்து வைக்கவேண்டும். சூடான பெட்டி முதல் தவணைப் பனிக்கட்டியைத் தானே தின்றுவிடும். இரண்டு பங்கு நொறுக்கிய பனிக்கட்டிக்கு ஒரு பங்கு கடல்நீர் கலந்த குழம்பில் மீனை முழுக்க முக்கினால், வெறும் பனிக்கட்டிமேல் வைப்பதைவிட வேகமாகக் குளிரும். மேலே வைத்த மீனைப் பனிக்கட்டி சில இடங்களில்தான் தொடும், குழம்பு எல்லாப் பக்கமும் தொடும். நன்னீர் வேண்டாம், சதை வெளுத்து நீர்கோத்துக்கொள்ளும்.

சூரை விஷயத்தில் இது ருசிப் பிரச்சினை மட்டும் இல்லை. சூரை மற்ற மீன்களைப்போல அல்ல, அதன் உடல் சுற்றியுள்ள தண்ணீரைவிடச் சூடானது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு இன்னும் சூடு. அந்தச் சூட்டோடு விட்டால் பாக்டீரியாக்கள் சதையிலுள்ள ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றும். 4.4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொண்டுபோனால்தான் அது அடங்கும். ஒருமுறை உண்டான ஹிஸ்டமினைச் சமையலும் அழிக்காது, உறைபெட்டியும் அழிக்காது. கானாங்கெளுத்தி, வஞ்சரத்துக்கும் இதே எச்சரிக்கை. எனவே ஏற்றியவுடன் தலையில், கண்களுக்குச் சற்று மேலே மூளையில் குத்தி அடக்கி, மார்புத் துடுப்பின் அடியிலிருந்து மூன்று விரல் பின்னால் இரண்டு பக்கமும் மேலோட்டமாகக் கீறி, செவுளின் உட்சவ்வை வெட்டி, கடல்நீரில் ஐந்து பத்து நிமிடம் இரத்தத்தை வடியவிட வேண்டும். பிறகு குடலும் செவுளும் நீக்கி, வயிற்றுக்குள் பனிக்கட்டியை அடைத்து, குழம்பில் இறக்கலாம். இந்தக் கத்தி, குத்தூசி, கையுறை மூன்றும் ஒரே வாளியில், வாளி எப்போதும் ஒரே இடத்தில்.

திரும்ப விடப்போகும் ஆழத்து மீனுக்கும் ஒரு சாமான் வேண்டும். அறுபது மீட்டரிலிருந்து வந்த களவாவின் காற்றுப்பை வீங்கி, வயிறு வாய் வழியாக வெளியே தள்ளியிருக்கும். அதை ஊசியால் குத்தினால் குத்துவது வயிற்றைத்தான், காற்றுப்பையை அல்ல. கீழ்த்தாடையைக் கவ்வும் இறக்குக் கொக்கியில் ஒரு கிலோ ஈயத்தோடு மீனைப் பழைய ஆழத்துக்கு இறக்கிவிட்டால், அழுத்தம் திரும்பி வந்து மீன் தானாக நீந்திப்போகும்.

கரை வந்த அன்றே, உடம்பு எவ்வளவு கெஞ்சினாலும், ரீலைக் கழுவிவிட வேண்டும். டிராக்கை இறுக்கிக்கொண்டு, நன்னீரை மெல்லத் தூவ வேண்டும். வேகமான குழாய்த் தண்ணீர் உப்பை உள்ளே தள்ளும். ராடின் வளையங்களை ஒரு துண்டுப் பஞ்சால் துடைத்தால், எந்த வளையத்தில் விரிசல் இருக்கிறதோ அதில் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். நிழலில் காயவைத்து, டிராக்கை முழுவதும் தளர்த்தி எடுத்துவைக்கவேண்டும்.